ஷரோன் (விண்வெளி நிலையம்)

ஏவுதளம், புளோரிடா
ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். சுகமில்லாமல் போக விடவும் மாட்டார்கள். ஒரு கிழமையாகக் கண்ணாடிக்குப் பின்னால் அடைத்து வைத்திருக்கிறார்கள்; தும்மினால் மூன்று டொக்டர்மார் ஓடி வருகிறார்கள். நீயும் றொனால்ட் அத்தானும் உங்கள் மகள் சின்னவளும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். அப்பாவின் சுகத்தை மட்டும் தனியாக எழுது.

அப்பாவோடு போனில் பேசிப் பயனில்லை. பெட்டி ஃபாக்டரியில் இருபது வருடம் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று இரண்டு காதும் போய்விட்டது. ஆகவே மேலே இருந்து மின்னஞ்சலில் கடிதம் எழுதுவேன். பெரிய எழுத்தில் அச்சடித்து அவருக்குக் கொடு. ஞாயிறு இரண்டு மணிக்கு வீடியோவில் வருவேன், முகத்தையாவது பார்க்கட்டும்.

நேற்று ஒரு படிவம் தந்தார்கள். நான் மேலே இருக்கும் ஆறு மாதத்தில் வீட்டில் யாருக்காவது ஏதாவது நடந்தால் உடனே சொல்வதா, திரும்பி வந்தபின் சொல்வதா, யார் சொல்வது? சிலர் வந்தபின் சொன்னால் போதும் என்று எழுதுவார்களாம். நான் ‘உடனே’ என்பதில் புள்ளடி போட்டேன். சொல்லவேண்டியவர் என்ற இடத்தில் உன் பெயர்.

ஏன் என்று உனக்குத் தெரியும். அம்மா செத்தபோது நீ ஏழு மாத வயிற்றோடு பிரஷர் ஏறி வேறொரு ஆஸ்பத்திரியில் கிடந்தாய். நானும் அப்பாவும் பதினொரு நாள் உனக்குச் சொல்லவில்லை. உன் நன்மைக்குத்தான் என்று நினைத்தோம். ஒன்பது வருடமாகியும் நீ அதை மன்னிக்கவில்லை. ஒளிக்கிற வேலை என்னோடு வேண்டாம் அக்கா. அவ்வளவுதான் கேட்கிறேன்.

ஏவுதலைப் பார்க்க வரமாட்டேன் என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டாய். உன் இருக்கை இப்போதும் உன் பெயரில்தான் இருக்கிறது. எல்லோருக்கும் என் அன்பு.

தங்கச்சி ஷரோன்


டோர்செட் பார்க், ஸ்காபரோ
ஜனவரி 25

மேலே போய்ச் சேர்ந்த தங்கச்சிக்கு,

இங்கு எல்லோரும் சுகம். உன் சுகத்தை ரீவியிலும் பேப்பரிலும் பார்த்துக்கொள்கிறோம். கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே. நினைத்தாலும் பிழையில்லை.

ஏவுதலைப் பார்க்க வரவில்லை என்று குறை சொல்கிறாய். நீ போனது வியாழக்கிழமை. செவ்வாய், வியாழன், சனி அப்பாவுக்கு டயாலிசிஸ். அந்த மூன்று நாளும் நான் நேர்சிங் ஹோமில் விடிய ஆறு மணி வேலையை முடித்துக்கொண்டு, பனிக்குள்ளால் ஓடி வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போகிறேன். அன்று அங்கே நேர்ஸ்மார் ரீவியைப் போட்டுவிட்டார்கள். உன் முகம் வந்ததுதான் தாமதம், மனுசன் எழும்பி நின்று “உது என்ர மகள்! உது என்ர மகள்!” என்று கத்தின கத்தில் கையில் இருந்த ஊசி கழன்றுவிட்டது. கட்டில் எல்லாம் இரத்தம். எல்லோரும் உனக்குக் கைதட்டினார்கள். நான் பெட்சீற் மாற்றினேன்.

அந்தப் படிவத்தைப் பற்றி. என் பெயரைப் போட முன் என்னை ஒருதரம் கேட்டாயா? நல்ல செய்தி எல்லாவற்றையும் உலகம் சொல்லும். கெட்ட செய்தி சொல்ல மட்டும் அக்கா. உனக்கு டொக்டர் வேண்டும், விமானி வேண்டும், எஞ்சினியர் வேண்டும், அதோடு ஒரு சாக்குருவியும் வேண்டும், அப்படித்தானே?

போதாக்குறைக்கு அப்பா இப்போது உன்னைப் பார்க்கக் கீழே கார் பார்க்கிங்குக்குப் போகிறார். நிலையம் எப்போது ரொறொன்ரோவுக்கு மேலால் போகும் என்று சின்னவள் போனில் பார்த்துச் சொல்லிவிடுகிறாள். மைனஸ் பதினெட்டுக் குளிர். “பதினாலாம் மாடியில பல்கனி இருக்கெல்லோ அப்பா” என்று சைகையில் சொன்னால், பக்கத்துக் கட்டிடம் மறைக்கிறதாம். தொப்பியும் இல்லாமல் நின்று கை காட்டுகிறார். ஒரு பொட்டு வெளிச்சத்துக்கு!

உடம்பைப் பார்த்துக்கொள். அங்கே என்ன சாப்பாடு தருகிறார்கள் என்று அப்பா கேட்கச் சொன்னார்.

றஜிதா


விண்வெளி நிலையம்
பெப்ரவரி 16

அன்புள்ள அக்காவுக்கு,

மேலே சுகம். முகம் மட்டும் வீங்கி இருக்கிறது. இங்கே இரத்தம் தலைக்கு ஏறி நிற்கும். உன் கடிதம் வாசித்தபோது இன்னும் கொஞ்சம் ஏறியது.

அப்பாவிடம் சொல்: சாப்பாடு எல்லாம் பையில். தண்ணீர் ஊற்றிக் குழைத்துக் கரண்டியால் தின்ன வேண்டும். ஒரு போத்தல் மாசிக் கருவாட்டுத் தூள் கொண்டு வந்தேன், எல்லாவற்றிலும் அதைப் போடுகிறேன். பக்கத்தில் இருக்கிறவர்கள் மூக்கைப் பொத்துகிறார்கள். போன கிழமை கக்கூஸ் பழுதாகி நான்தான் கழற்றித் திருத்தினேன். மகள் பெரிய ஆள் என்று ஆஸ்பத்திரியில் கத்துகிறவருக்கு இதையும் சொல்.

விண்வெளி ஏஜென்சியில் ஒரு பெண், என் பெயரோ படமோ வருகிற தமிழ்ச் செய்திகளை எல்லாம் பொறுக்கி வெள்ளிக்கிழமைகளில் அனுப்புகிறாள். அவளுக்குத் தமிழில் ஒரு எழுத்தும் தெரியாது. போன முறை ஒரு புடவைக்கடை விளம்பரம் வந்தது. என் படத்தைப் போட்டு “விண்ணைத் தொடும் தள்ளுபடி” என்றிருந்தது. சிரித்துச் சிரித்து வயிறு நொந்தது.

இனி உனக்கு. நான் ஊரில் நின்றால் மட்டும் நீ ஏசாமல் இருந்திருப்பாயா? ஒட்டாவாவுக்கு மேற்படிப்புக்குப் போனபோதும் ஏசினாய், பயிற்சிக்கு ஹூஸ்டன் போனபோதும் ஏசினாய். நீ அப்பாவோடு நிற்கிறாய், நான் நிற்கவில்லை. உண்மை. அதற்காக நான் ஒவ்வொரு கடிதத்திலும் முழங்காலில் நிற்க முடியாது. இங்கே முழங்காலில் நிற்கவும் முடியாது, மிதக்கிறோம்.

ஏப்ரல் 3 எனக்கு விண்நடை. வெளியே போய் ஆறு மணித்தியாலம் வேலை. பெரிய வெள்ளி அன்று வருகிறது. எனக்காக மன்றாடு. பயம் இருக்கிறது, அதை வேறு ஒருவருக்கும் சொல்லவில்லை.

மார்ச் 20 பின்னேரம் எட்டு மணிக்கு நேராக உங்கள் தலைக்கு மேலால் வருவேன். நான் யன்னலில் நிற்பேன் என்று அப்பாவிடம் சொல். தொப்பி போட்டுக்கொண்டு வரச் சொல்.

ஷரோன்


ஸ்காபரோ
மார்ச் 30

அன்பின் தங்கச்சி ஷரோனுக்கு,

ஆண்டவர் கிருபையால் இங்கு சுகம். நீயும் அவ்விதம் இருக்க மன்றாடுகிறேன்.

பதில் எழுதப் பிந்திவிட்டது, மன்னித்துக்கொள். மார்ச் 20 அப்பா தொப்பி போட்டுக்கொண்டுதான் கீழே போனார். நீ போகும்வரை கை காட்டினார். இப்போது அவருக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. அவரைப் பற்றி யோசிக்காதே.

நேற்று வீடியோவுக்கு வர முடியவில்லை. கமெரா பழுதாகிவிட்டது. திருத்தக் கொஞ்ச நாள் எடுக்கும். எனக்கும் தொண்டை கட்டிவிட்டது, பேச முடியவில்லை, எனக்குப் போன் எடுக்காதே.

வெள்ளிக்கிழமை வேலையைக் கவனமாகச் செய். கயிற்றை இரண்டுதரம் பார். நீ நல்லாய் இருக்க வேண்டும்.

அன்பு அக்கா,
றஜிதா


ஸ்காபரோ
மார்ச் 31

மதிப்புக்குரிய யோசப் சித்தப்பாவுக்கு,

நீங்களும் சித்தியும் வங்காலையில் சுகமென நம்புகிறேன். உங்கள் அண்ணன், எங்கள் அப்பா, குருத்தோலை ஞாயிறு காலை பதினொரு மணிக்குப் போய்விட்டார் என்று றொனால்ட் போனில் சொல்லியிருப்பார். நீங்கள் அழுதீர்கள் என்றார். வியாழக்கிழமை டயாலிசிஸுக்குப் போன இடத்தில் மூச்சு இழுத்தது. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். பெரிய வியாழன் வந்துவிட்டால் அடக்கப் பூசை வைக்க முடியாது, ஆகவே நாளைக்கே அடக்கம்.

சித்தப்பா, ஒன்று கேட்கிறேன், கோபிக்கக் கூடாது. மரண அறிவித்தல் எங்கேயும் போட வேண்டாம். இணையத்திலும் வேண்டாம், வானொலியிலும் வேண்டாம். ஷரோனுக்கு இன்னும் தெரியாது. வெள்ளிக்கிழமை அவள் நிலையத்துக்கு வெளியே, ஒரு கயிற்றில் தொங்கிக்கொண்டு வேலை செய்கிறாள். கை நடுங்கினால் பிடிக்க நிலம் இல்லை. ஏஜென்சிக்கும் எல்லோரும் சுகம் என்றுதான் சொன்னேன். பாதர் அருள்நாயகத்திடமும் பூசையில் பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டிருக்கிறேன். பன்னிரண்டு பேரோடு அடக்கம் செய்கிறோம்.

றொனால்ட் “சொல்லு, பிறகு வம்பு” என்கிறார். அவருக்கு என்ன தெரியும். அவள் கீழே வந்ததும் நானே சொல்வேன்.

உங்கள் மகள்,
றஜிதா


வங்காலை, மன்னார்
ஏப்ரல் 6

மகள் றஜிதாவுக்குச் சித்தப்பா எழுதுவது,

உயிர்த்த ஆண்டவரின் சமாதானம் உண்டாகட்டும். எனக்குச் சுகமில்லை. அண்ணனை மண்ணில் போட்டுவிட்டு ஒரு வரி போடக்கூடாது என்றால் எப்படிச் சுகம் வரும்?

சாவை ஒளித்து வைக்கிறது எந்த ஊர் நியாயம்? இவ்வளவு பெரிய மனுசனைப் பன்னிரண்டு பேரோடு அடக்கியிருக்கிறாய். பாரிசிலும் லண்டனிலும் இருந்து ஆட்கள் என்னைக் கேட்கிறார்கள்: “அமிர்தநாதர் அண்ணை எப்படி?” நான் வாயை மூடிக்கொண்டு தலையாட்டுகிறேன். என் எழுபத்துநாலு வயதில் என்னைப் பொய்யனாக்கிவிட்டாய். அண்ணனின் படத்தை வெட்டி, ஒட்டி, பெயர்களை ஒழுங்காக எழுதி, மரண அறிவித்தல் ஆயத்தமாக வைத்திருந்தேன். அதை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினேன்.

ஆனாலும் உன் சொல்லுக்காகச் சொல்கிறேன். மரண அறிவித்தல் போடமாட்டேன். மாதா மேல் ஆணை.

ஷரோன் வரும்போது கடலில்தான் வந்து விழுவாளாமே? முதலே சொல்லியிருந்தால் எங்கட பெடியள் வள்ளத்தோடு நின்றிருப்பார்கள். அவளை ஆண்டவர் காப்பாராக.

சித்தப்பா யோசப்


விண்வெளி நிலையம்
ஏப்ரல் 8

அன்புள்ள அப்பாவுக்கும் அக்காவுக்கும்,

சுகம், சுகம், சுகம்! ஆறு மணித்தியாலமும் நாற்பது நிமிடமும் வெளியே நின்றேன். அக்கா, கயிற்றை இரண்டுதரம் இல்லை, இருபதுதரம் பார்த்தேன். கையுறைக்குள் இரண்டு நகம் கழன்றுவிட்டது. ஒருதரம் திரும்பினேன், கீழே பெரிய ஏரிகள் தெரிந்தன. ஒன்ராரியோ ஏரியின் மேற்கு மூலையைப் பிடித்து ரொறொன்ரோ எங்கே என்று பார்த்து, “அப்பா, இஞ்ச பாருங்கோ” என்று சத்தமாகச் சொன்னேன். என்ன சொன்னாய் என்று கீழே கட்டுப்பாட்டு அறையில் கேட்டார்கள். அப்பாவிடம் இதை முதலில் காட்டு.

அக்கா, உனக்கு என்ன நடந்தது? உன் கடைசிக் கடிதத்தில் ஒரு ஏச்சும் இல்லை. “மன்னித்துக்கொள்” என்று எழுதியிருக்கிறாய். “அன்பு அக்கா” என்று கையெழுத்து. முப்பத்தெட்டு வருடத்தில் நீ எனக்கு அப்படி எழுதினது கிடையாது. தொண்டை கட்டினால் மனமும் இளகிவிடுமா?

ஈஸ்டருக்கும் வீடியோவில் வரவில்லை. சின்னவளின் போனில் கமெரா இல்லையா? அப்பாவை ஒருதரம் காட்டு. ஏசியாவது ஒரு கடிதம் எழுது.

எல்லோருடைய சுகத்துக்கும் பதில் எதிர்பார்க்கும்,
ஷரோன்


விண்வெளி நிலையம்
மே 1

றஜிதா,

சுகம் விசாரிக்கப் போவதில்லை. நீ என்ன சுகம் எழுதுவாய் என்று எனக்குத் தெரியும்.

இன்று வெள்ளிக்கிழமை. அந்தப் பெண் அனுப்பிய செய்திக்கட்டில் இது இருந்தது. என் படம் இருக்கிறதென்று சேர்த்திருக்கிறாள். மூலையில் நான் விண்வெளி உடுப்போடு பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். நடுவில் அப்பா.

“31ஆம் நாள் நினைவஞ்சலி. மன்னார் வங்காலையைப் பிறப்பிடமாகவும், கனடா ஸ்காபரோவை வதிவிடமாகவும் கொண்டிருந்த அமரர் சவிரியான் அமிர்தநாதர் அவர்கள், மூன்று நாள் சுகவீனமுற்றிருந்து 29-03 ஞாயிற்றுக்கிழமை இறைபதமடைந்தார். அன்னார் காலஞ்சென்ற வேரோனிக்காவின் அன்புக் கணவரும், றஜிதா (கனடா), ஷரோன் (விண்வெளி நிலையம்) ஆகியோரின் பாசமிகு தந்தையும்…”

ஷரோன், விண்வெளி நிலையம். லண்டன், பாரிஸ், நோர்வே என்று போடுகிற அடைப்புக்குறிக்குள் என்னையும் போட்டிருக்கிறார்கள். உலகத்தில் உள்ள வங்காலைக்காரன் முழுப்பேரும் வாசித்தபிறகு, அப்பா செத்ததை நான் ஒரு விளம்பரத்தில் வாசிக்கிறேன்!

சித்தப்பாவுக்குப் போன் எடுத்தேன். மனுசன் அழுகிறார். “மகள், மரண அறிவித்தல் போடவேண்டாமெண்டுதான் அக்கா சொன்னவ. நினைவஞ்சலி போடவேண்டாமெண்டு சொல்லேல்லை. நீ வெளி வேலை முடிஞ்சு வந்திட்டாய்தானே, உனக்குச் சொல்லியிருப்பினம் எண்டு நினைச்சன்” என்கிறார். அவரில் எனக்குக் கோபம் இல்லை. அவர் ஒருவர்தான் என்னை அப்பாவின் பிள்ளை என்று எழுதியிருக்கிறார்.

மார்ச் 30 நீ எனக்குக் கடிதம் எழுதியபோது அவர் செத்து ஒரு நாள். “இப்போது அவருக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.” அதை எழுத எப்படியடி கை வந்தது? அவர் மண்ணுக்குள் போய் ஒரு கிழமைக்குப் பிறகு நான் “அப்பாவிடம் முதலில் காட்டு” என்று எழுதினேனே, அதை வாசித்துவிட்டு என்ன செய்தாய்? மூடி வைத்துவிட்டுச் சோறு தின்றாயா?

ஒன்றே ஒன்றுதான் உன்னிடம் கேட்டேன். உடனே சொல் என்று. இங்கே அழுதால் கண்ணீர்கூடக் கீழே விழாது. கண்ணிலேயே உருண்டையாய் ஒட்டிக்கொண்டு நிற்கிறது, துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். எங்கள் டொக்டர் பேர்ணடெற் கீழிருந்து தினமும் கேட்கிறா, நித்திரை கொண்டாயா என்று. உன்னைப் போலவே ஓம் என்று பொய் சொல்கிறேன்.

இனி எனக்கு எழுதாதே.

ஷரோன்


ஸ்காபரோ
மே 4

ஷரோன்,

எழுதாதே என்றாய். எழுதுவேன். வாசிக்க விருப்பமில்லாவிட்டால் அழித்துவிடு.

ஓம், ஒளித்தேன். நீ அந்தரத்தில் கயிற்றில் தொங்கும்போது அப்பா செத்துப்போனார் என்று சொல்லியிருக்க வேண்டுமா? உன் கை வழுக்கியிருந்தால் யார் பதில் சொல்வது? இரண்டு பெட்டியை ஒரு கிழமையில் தூக்க எனக்குப் பலம் இல்லை. உன் பெட்டிக்குள் போட ஒன்றும் இருந்திருக்காது.

விண்நடை முடிந்ததும் சொல்லியிருக்கலாம்தான். சந்தோசமாக ஒரு கடிதம் போட்டாய். அதை வாசித்துவிட்டு நான் சோறு தின்னவில்லை. சீமெந்து காயாத குழியின் பக்கத்தில் போய் நின்று அதை அப்பாவுக்குச் சத்தமாக வாசித்தேன். காது கேட்காதவருக்கு, செத்தபிறகு! பூவைக்க வந்த ஒரு வெள்ளைக்காரி எனக்கு விசர் என்று நினைத்து விலகிப் போனாள். அதற்குப் பிறகு எந்த வாயால் உனக்குச் சொல்வது? ஒவ்வொரு நாளும் நாளைக்கு, நாளைக்கு என்று போனது.

பதினொரு நாள் நீ என்ன செய்தாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? தினமும் ஆஸ்பத்திரிக்கு வந்து என் தலையை இழுத்துப் பின்னி விட்டாய். “அம்மாவுக்குத் தடிமன் அக்கா, உனக்கு ஒட்டிப்போடும், அதுதான் வரேல்லை” என்றாய். நான் “மல்லி அவிச்சுக் குடு, கொஞ்சம் வேர்க்கொம்பும் தட்டிப் போடு” என்று உன்னிடம் சொல்லி அனுப்பினேன். நீ “ஓம் அக்கா” என்றாய். சிரித்தாய்! அம்மா அப்போது மண்ணுக்குள். பன்னிரண்டாம் நாள் பிள்ளையை மடியில் தந்துவிட்டுச் சொன்னாய். அந்தப் பிள்ளை பிறந்த நாளை இன்றுவரை என்னால் மனதாரக் கொண்டாட முடியவில்லை.

பழி வாங்கினாயா என்று நீ கேட்கவில்லை, றொனால்ட் கேட்டார். முதல் நாள் இல்லை. அது சத்தியம். ஆனால் பதினோராம் நாள் வந்தபோது எண்ணினேன். பன்னிரண்டாம் நாள் விடிந்தபோது, இப்போது தெரியட்டும் இவளுக்கு என்று ஒரு நினைப்பு வந்தது. வந்தது, மறைக்கவில்லை. உனக்கு வந்த கோபம் ஒன்பது வருடம் என் வயிற்றில் கிடந்த கோபம்தான்.

அப்பா திடீரென்றுதான் போனார். ஒன்றும் பேசவில்லை. கஷ்டப்படவில்லை.

உன் நகப் புண் மாறிவிட்டதா?

றஜிதா


விண்வெளி நிலையம்
ஜூலை 9

றஜிதாவுக்கு,

நகம் மாறிவிட்டது.

இரண்டு மாதத்தில் நீ அனுப்பிய மூன்று கடிதத்தையும் திறக்கவில்லை. இதை எழுதுவதற்குக் காரணம் ஒன்றுதான். பதினெட்டாம் திகதி கீழே வருகிறேன்.

அந்த நினைவஞ்சலியை நூறுதரம் வாசித்துவிட்டேன். முதலில் என் பெயர்தான் கண்ணில் குத்தியது. பிறகுதான் மற்ற வரிகள் தெரிந்தன. “மூன்று நாள் சுகவீனமுற்றிருந்து” என்று சித்தப்பா போட்டிருக்கிறார். நீ திடீரென்று போனார் என்கிறாய். அந்த ஞாயிறு இரண்டு மணிக்கு எனக்கு வீடியோ இருந்தது. முதல் நாளே உன் கமெரா பழுதென்று செய்தி வந்தது.

அந்த மூன்று நாளில் என்ன நடந்தது? நான் இறங்குவதற்கு முன் சொல். இறங்கட்டும், உடம்பு தேறட்டும், பிறகு பார்ப்போம் என்று வைத்திருந்தாயானால் உன் வாசலுக்கு நான் வரமாட்டேன். சின்னவள் சுகமாக இருக்கிறாளா?

ஷரோன்


ஸ்காபரோ
ஜூலை 12

ஷரோன்,

சின்னவள் சுகம். நான் சுகமில்லை.

றொனால்ட் சொல்கிறார்: “இன்னும் ஆறு நாள்தானே, நெருப்புக்குள்ளால வாற பிள்ளைக்கு இப்ப உதைச் சொல்லாத.” மார்ச்சில் சொல்லு என்ற மனுசன் இப்போது சொல்லாதே என்கிறது. ஒரு நாள் முழுக்க யோசித்தேன். உன் படிவத்தில் நீ போட்ட புள்ளடியை நான் ஒருதரமாவது மதிக்க வேண்டும்.

அப்பா மூன்று நாளும் நினைவோடு இருந்தார். மூக்கிலும் வாயிலும் மாஸ்க். உன்னைக் கேட்டார். வியாழன் பின்னேரம் தொடங்கியது. மாஸ்கைக் கழற்றிவிட்டு “இளையவள் எப்ப வாறாள்?” என்றார். “காது கேக்காட்டியும் முகம் தெரியும்தானே, காட்டு” என்றார். என் கைப்பைக்குள் போன் இருந்தது. ஏஜென்சி தந்த நம்பரும் இருந்தது. எந்த நேரமும் அடிக்கலாம் என்று நீ சொல்லித் தந்த நம்பர். நான் அடிக்கவில்லை. அவரை அந்த மாஸ்கோடு பார்த்தால் அடுத்த வெள்ளிக்கிழமை உன்னால் வெளியே போக முடியாது என்று நினைத்தேன். நானே நினைத்தேன், நானே முடிவெடுத்தேன்.

அவருக்குக் கேட்காதே, ஆகவே ஒரு காகிதத்தில் பெரிதாக எழுதிக் காட்டினேன்: “ஞாயிறு 2 மணிக்கு வருவாள்.” அதை வாங்கிப் பிடித்துக்கொண்டார். எழுதிக் கொடுத்துவிட்டு, சனிக்கிழமை தாழ்வாரத்தில் நின்று ஏஜென்சிக்குப் போன் பண்ணி, கமெரா பழுதென்று உன் அழைப்பை நிறுத்தினேன்.

ஞாயிறு காலை “சவரம் செய்துவிடு, அவள் பாப்பாள்” என்று கன்னத்தைத் தடவிக் காட்டினார். நான் நேர்சிங் ஹோமில் தினமும் கிழவர்களுக்குச் சவரம் செய்கிறவள். சவர்க்காரம் போட்டு, நாடியைத் தூக்கிப் பிடித்து, ஒரு வெட்டும் விழாமல் வழித்துவிட்டேன். இல்லாத அழைப்புக்கு அவரை வடிவாக்கினேன். தலையும் இழுத்துச் சீவிவிட்டேன். மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். பதினொரு மணிக்குப் போய்விட்டார்.

செத்ததை ஒளித்ததற்கு உனக்குக் காரணம் சொன்னேன். இதற்குச் சொல்ல என்னிடம் காரணம் இல்லை. அந்தக் காகிதம் இன்னும் என் கைப்பையில் கிடக்கிறது. எறிய முடியவில்லை.

என்ன ஏச வேண்டுமோ ஏசு. பத்திரமாக இறங்கு.

றஜிதா


விண்வெளி நிலையம்
ஜூலை 16

அக்கா,

நான் சுகமில்லை. நீயும் இல்லை. இனிமேல் நாங்கள் இதை இப்படியே எழுதுவோம்.

உன் கடிதத்தை வாசித்துவிட்டு உன்னைக் கெட்ட வார்த்தையால் ஏசினேன். தமிழில் சத்தமாகத்தான். பக்கத்தில் இருந்தவர்கள் பயந்துபோனார்கள். அப்பாவின் முகத்தை ஒரு நிமிடம் பார்த்திருப்பேன். அதை நீ என்னிடமிருந்து எடுத்தாய். எதைச் சொன்னாலும் அது திரும்பி வராது. இந்தக் கோபம் கீழே வந்தும் தீராது, சொல்லிவிட்டேன்.

ஆனால் நீ இறங்குவதற்கு முன் சொன்னாய். ஆகவே நானும் இறங்குவதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும். ஒன்பது வருடமாகச் சொல்லாதது.

அம்மாவும் உடனே சாகவில்லை. இரண்டு நாள் கிடந்தா. தலைக்குள் இரத்தம் கசிந்தாலும் இடைக்கிடை கண் திறந்தா. திறக்கும்போதெல்லாம் “மூத்தவள் எங்கை?” என்றா. நான் சொன்னேன்: “அக்கா கீழ கார் பார்க் பண்ணுறா அம்மா. இப்ப வருவா.” நீ கிடந்த ஆஸ்பத்திரி அங்கிருந்து இருபது நிமிடம். போனில் உன் குரலையாவது கேட்க வைத்திருக்கலாம். டொக்டர் உனக்குச் சொல்லவேண்டாம் என்றார்தான், ஆனால் அம்மா கேட்டதை நான் அவருக்கே சொல்லவில்லை. இரண்டு நாளும் நீ கார் பார்க் பண்ணிக்கொண்டிருந்தாய். கடைசியாகக் கேட்டபோதும் அதைத்தான் சொன்னேன். அம்மா கதவைப் பார்த்துக்கொண்டே போனா.

அப்பாவுக்கும் தெரியாது. அம்மாவுக்கு மல்லி அவிக்கிறேன் என்று உனக்கு ஓம் சொன்னது அதற்குப் பிறகுதான். இப்போது நீ என்னை ஏசு.

இன்று மறுபடியும் ஒரு படிவம் தந்தார்கள். இறங்கும்போது எங்களுக்கு ஏதும் நடந்தால் முதலில் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று. உன் பெயரைத்தான் எழுதினேன். இந்த முறையும் உன்னைக் கேட்கவில்லை. பக்கத்தில் எழுதியிருக்கிறேன்: உடனே சொல்லவும். அவ ஆஸ்பத்திரியில் கிடந்தாலும் சொல்லவும். அவவின் நன்மைக்கென்று ஒருவரும் முடிவெடுக்க வேண்டாம்.

சனிக்கிழமை கடலில் விழுவோம். பிறகு ஹூஸ்டனுக்குக் கொண்டு வருவார்கள். ஆறு மாதம் மிதந்த கால், நிலத்தில் நிற்காது. இரண்டு பக்கமும் பிடித்துத்தான் நடக்க வேண்டும். ஒரு பக்கத்துக்குப் பேர்ணடெற் வருவா. மற்றப் பக்கத்துக்கு நீ வா. பூ வேண்டாம், கட்டிப் பிடித்து அழ வேண்டாம். அந்தக் காகிதத்தைக் கொண்டு வா.

காரை எங்கேயும் பார்க் பண்ணிக்கொண்டு நிற்காதே. வாசலுக்கு வா.

ஷரோன்